மாவு கரைக்கும் கை

தஞ்சோங் பகாரில் ஒரு வங்கியில் எனக்கு வேலை. இது விதிக்கு ஒத்துவராது, அதற்கு அனுமதி கிடையாது என்று காலை முதல் மாலை வரை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். "முடியாதுன்னு சொல்றதுக்கே உங்களுக்குச் சம்பளம்" என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவள் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சும்மா உட்காரத் தெரியாதவள். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருப்பவர்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். பேர் பரவி, ஃபேரர் பார்க்கில் மளிகைக்கடை வைத்திருப்பவர் தினமும் பாக்கெட் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். வீட்டில் அரைத்ததை அக்கம்பக்கத்தில் விற்கலாம். கடைக்குக் கொடுக்க உரிமம் பெற்ற சமையற்கூடம் வேண்டும். தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் சின்ன அறையை வாடகைக்கு எடுத்தோம். கிரைண்டரும் வந்தது. இனி அதிகாரி வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு ஒரே பயம். உப்புப் போட்டு வெறுங்கையால் கரைத்தால்தான் மாவு பொங்கும் என்பது எங்கள் வீடுகளில் யாரும் அசைக்க முடியாத நம்பிக்கை. கரண்டியால் கலக்கியதை அவள் மாவென்றே மதிக்கமாட்டாள். "கிளவுஸ் போடச் சொன்னா என்னங்க பண்றது?" என்று தூக்கத்திலும் கேட்டாள். உரிமம் கிடைக்காவிட்டால் கடைக்காரர் வேறு ஆள் பார்த்துவிடுவார். வேலை போன பிறகு இப்போதுதான் அவள் மறுபடி கண்ணாடி முன் நின்று தலைவாரத் தொடங்கியிருந்தாள். அது நின்றுவிடுமோ என்று எனக்கும் பயம்.

வந்த அதிகாரி தமிழ்ப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். தரை, தொட்டி, குளிர்பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு, "எப்படிக் கலக்குவீங்க, காட்டுங்க ஆன்ட்டி" என்றார். இவள் பாத்திரத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். என் ஆபீசாக இருந்தால் 'முடியாது' அந்நேரம் வந்து விழுந்திருக்கும்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "கிளவுஸ் எதுக்குச் சொல்றோம்? அப்படியே சாப்பிடுற ஐட்டத்துக்கு. இத வேகவெச்சுத்தானே சாப்பிடப் போறாங்க? முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, கையாலேயே கலக்குங்க. ஓகே லா."

இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

"ஆனா வளையல் கூடாது ஆன்ட்டி. இடுக்குல அழுக்கு நிக்கும். தாலி சட்டைக்குள்ள இருக்கட்டும்."

விதி பேசியே பிழைக்கிற நான்தான் குறுக்கே விழுந்தேன். "கல்யாணம் ஆனதிலேருந்து கழட்டினதே இல்லம்மா. நான் உயிரோட இருக்கறப்ப வெறுங்கையா எப்படி?" அந்தப் பெண் பாவம், தரையைப் பார்த்தார்.

"சும்மா இருங்க. உங்க உயிர் என்ன வளையல்லயா இருக்கு?" என்றாள் மனைவி. சோப்பு நுரையில் ஒவ்வொன்றாக உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். அவை கிடந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளோ கையை முழங்கை வரை மாவில் விட்டு, சிரித்துக்கொண்டே கரைத்தாள்.

உரிமம் கிடைத்தது. இப்போது காலையில் அவளைச் சமையற்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். வாசலிலேயே வளையல்களைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிடுவாள். அலுவலகத்தில் நான் அசையும்போதெல்லாம் அவை கலகலக்கும். யாருக்காவது 'முடியாது' என்று எழுதப்போகும் நேரம் அந்தச் சத்தம் கேட்டால், 'இந்த விதி எதுக்கு?' என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில சமயம் பதில் மாறுகிறது.

மாலையில் வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயில் மேடையில் கையை நீட்டுவாள். "ம், போட்டு விடுங்க." கையில் புளித்த மாவு வாசனை இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவள் கையை நான் பிடித்ததே இல்லை. இப்போது தினமும் பிடிக்கிறேன்.