புரியாத நாளுக்கு ஒரு கட்டம்

நிமிர்ந்து ஜன்னலைப் பார்ப்பதற்குள் தாம்ஹியின் கட்டைவிரல் கடிகாரத்தை நிறுத்திவிடும். உள்ளங்கையில் அடங்குகிற ஸ்டாப்வாட்ச். கண் புத்தகத்தின் மேல் இருக்கும்வரைதான் ஓடும். தண்ணீர் குடித்தால் நிற்கும், தும்மினால் நிற்கும். சுன்ச்சன் நகரத்தில் ஏரியைப் பார்த்திருக்கும் அந்த வாசிப்புக்கூடத்தில், மாலை ஆனதும் ஒவ்வொருவரும் தன் கடிகாரத்தைப் படம் பிடித்துப் படிப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழுவுக்குத் தலைவன் கிசூ. அரசுத் தேர்வுக்கு நான்காவது வருடமாகப் படிக்கிறவன். ஏழு மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைந்தாலும் விட மாட்டான்.

"என்ன தாம்ஹி, ஆறு அம்பது? பாக்கி பத்து நிமிஷம் ஏரில விழுந்துடுச்சா?"

"மூடுபனி எறங்குச்சுண்ணா. பாத்துட்டே இருந்துட்டேன்."

"பாரு, பாரு. பரீட்சைக்கும் அந்த மூடுபனியே வந்து எழுதும்."

அவளுக்குக் கோபம் வராது. குறிப்பேட்டைத் திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்ட தாளில், படித்த நேரத்துக்கெல்லாம் நிறம் தீட்டுவாள். இயற்பியலுக்கு நீலம், கணக்குக்கு மஞ்சள். கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் உருளையைத் தின்னும்போது ஓரத் துண்டு இரண்டையும் முதலில் தின்றுவிட்டு, நடுத்துண்டுகளை மறந்து போகிறவள் அவள். ஆனால் எந்தப் புத்தகத்தை எத்தனை சுற்று முடித்தாள் என்பது மட்டும் விரல் நுனியில் இருக்கும். வெப்பவியல் ஐந்து சுற்று. மின்னியல் நான்கரை.

மூன்று வருடமாக அவள் காத்திருந்த பாடம் ஒன்று உண்டு. அறிவியலின் தத்துவம். வியாழக்கிழமை ஆய்வுக்கூடத்தோடு மோதி மோதி ஒவ்வொரு வருடமும் கை நழுவியது. இது அவளுக்குக் கடைசிப் பருவம்; பிப்ரவரியில் பட்டம் வாங்கிவிடுவாள். பத்துப் பேருக்குத்தான் இடம். எப்படிப் படிக்கப் போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தால், பேராசிரியர் பியோ அதைப் படித்துவிட்டு ஆளைச் சேர்ப்பார். ஒன்பது பேர் உள்ளே போயாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசிக் கெடு.

தாம்ஹி திட்டம் போட்டாள் பாருங்கள், அது ஒரு கோலம். பதினைந்து வாரம், நானூற்று இருபது பக்கம், நாளுக்கு இத்தனை என்று பிரித்து, மூன்று சுற்று. முதல் சுற்றில் வாசிப்பு, இரண்டாவதில் அடிக்கோடு, மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தல். இதுவரை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காத ஊதா நிறத்தை இதற்கென்று எடுத்துத் தீட்டியிருந்தாள்.

புதன்கிழமை அந்தத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரே வரி: 'இதில் உனக்குப் புரியாமல் போகப் போகிற நாள் எது?'

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒரு நாள் அதில் இல்லை. கிசூவிடம் காட்டினாள்.

"இவ்ளோதானா? ஞாயித்துக்கெழமை மத்தியானம் காலியாத்தானே இருக்கு? ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் 'புரியாமை'ன்னு போட்டுடு. வேற கலர் குடு."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பதினைந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும், கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி சிந்தாமல், வெளிர்ச்சாம்பல் தீட்டினாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பேராசிரியர் அறையில் அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. பியோ மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் புரியாது. நாலு அஞ்சுக்குப் புரிஞ்சிடுமாம்மா?"

தாம்ஹியின் காது சிவந்தது. "இல்ல மேடம்... எங்க குழுவுல ஒரு அண்ணன் சொன்னாரு."

"அந்த அண்ணன விடு. உனக்குக் கடைசியா எப்பப் புரியாமப் போச்சு?"

"இன்னிக்குக் காலைல. பஸ்ல."

"என்ன ஆச்சு?"

"எறங்கவேண்டிய எடம் போயிடுச்சு. டிரைவர் எழுப்புற மாதிரி தோளத் தட்டி, 'கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எறங்கும்மா'ன்னாரு. நான் தூங்கல மேடம்." நிறுத்தி, மெதுவாகத் தொடர்ந்தாள். "எங்கப்பா பாய்லர் ரிப்பேர் பண்றவரு. மூடியத் தொறக்கவே மாட்டாரு. காத வச்சுக் கேட்டுட்டு, உள்ள குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு சொல்லிடுவாரு. நேத்து போன்ல கேட்டேன், தொறந்து பாக்காம எப்படிப்பா தெரியும்னு. 'இதுவரைக்கும் தப்பாப் போனதில்லையே'ன்னாரு. தப்பாப் போனதில்லைங்கறதும், உள்ள நெஜமாவே காத்து இருக்குங்கறதும் ஒண்ணுதானா மேடம்? அதையே நெனச்சிட்டிருந்தேன். வெளியில ஒரே மூடுபனி. எதிர்க்கரை இருக்கான்னே தெரியல."

"அப்ப உன் கடிகாரம் ஓடிச்சா?"

"இல்ல மேடம். புத்தகம் பையில இருந்துச்சு. ஒரு மணி நேரம் போயிடுச்சு. அத எந்தக் கட்டத்துல போடுறதுன்னுதான் தெரியல."

பேராசிரியர் பெயர்ப்பட்டியலை இழுத்து, ஒன்பதுக்குக் கீழே எழுதினார். ஜன்னலுக்கு வெளியே ஏரியின் மேல் வெள்ளை தடித்துக்கொண்டிருந்தது.

"பத்தாவது பேரு எழுதியாச்சு. அப்பாவப் பத்தின கேள்விய மறக்கறதுக்குள்ள எழுதி வச்சுக்கோ."

தாம்ஹி பேனாவை எடுத்தாள். கையருகில் வேறு தாள் இல்லை. திட்டத்தையே தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுதத் தொடங்கினாள். முதல் வாரத்துத் திங்கட்கிழமையில் புறப்பட்ட வரி செவ்வாயின் கோட்டைத் தாண்டி, புதன், வியாழன் மேலெல்லாம் ஏறி, ஊதாவுக்குள் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது.