செபமாலையில் கோத்த ஆங்கிலம்

எங்கள் அத்தைக்கும் ஆங்கிலத்துக்கும் இருந்த பகை தெருவுக்கே தெரிந்த பகை. கணக்கில் அவள் புலி. சரித்திரமும் பூகோளமும் தண்ணீர் பட்ட பாடு. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை அவளைக் கவிழ்த்துவிட்டது. இரண்டாம் முறை செய்தித்தாளில் தன் எண்ணைத் தேடிக் காணாமல் அறைக்குள் போய்ப் படுத்தவள் பத்து நாள் எழுந்திருக்கவில்லை. கடும் காய்ச்சல். கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

அப்பா தோணித் தண்டல். தூத்துக்குடியிலிருந்து சரக்கு ஏற்றிப் பாய் விரித்துக் கொழும்புக்குப் போகும் தோணிக்கு அவர்தான் தலைவர். எந்தக் காற்றுக்கும் அசையாத மனிதர் தங்கையின் காய்ச்சலில் ஆடிப்போனார். தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். நேரே மாதா கோயிலுக்குப் போய் முழந்தாளிட்டு, இவள் பிழைத்து எழுந்தால் இனி என் வீட்டில் பரீட்சை என்ற பேச்சே இருக்காது என்று நேர்ந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தில் அத்தையின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தை எடுத்துத் தன் மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். தண்டல் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அந்த வார்த்தையை நம்பித்தான் ஆட்கள் அவரோடு கடலுக்குப் போனார்கள்.

அத்தை பிழைத்து எழுந்தாள். எழுந்ததும் அவள் செய்த முதல் காரியம், பள்ளிக்கூடத் தலைமைக் கன்னியாஸ்திரியைப் போய்ப் பார்த்து மூன்றாம் முறைக்கு விண்ணப்பம் போட்டது. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. பரீட்சை அக்டோபரில். அதில் தேறினால் ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாம். தவறினால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். போதாக்குறைக்கு வேம்பாரிலிருந்து ஒரு சம்பந்தம் வேறு வந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா செப்டம்பரிலேயே கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்ற மாதங்களாக இருந்தால் ஒளிவு மறைவே வேண்டியதில்லை. அப்பா கடலில் இருப்பார், அத்தை வீட்டில் கத்திக்கூடப் படித்திருக்கலாம். ஆனால் தென்மேற்குக் காற்று உரத்து அடிக்கும் மாதங்களில் கொழும்புக்குத் தோணி ஓடாது. ஜூன் தொடங்கி ஆகஸ்டு முடிய அப்பா வீட்டிலேயேதான் இருந்தார். பாய் தைப்பதும் கயிறு முறுக்குவதுமாக, எந்த அறைக்குப் போனாலும் எதிரே வந்துகொண்டிருந்தார்.

அத்தை அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டில் கையில் செபமாலை இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மாலை விளக்கு வைத்ததும் வீட்டார் எல்லாரும் மாதா படத்துக்கு முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வது வழக்கம். பத்துப் பத்து மணிகளாக ஐந்து பத்து. ஒருவர் ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் பின்பாதியைச் சொல்ல வேண்டும். கன்னியாஸ்திரி எழுதிக் கொடுத்த தாளில் நூற்றைம்பது ஆங்கில வினைச்சொற்கள் இருந்தன. அவற்றை அத்தை அப்படியே செபமாலையில் கோத்துவிட்டாள்.

"ஏளா, மொத ரூபத்த நீ சொல்லு. மத்த ரெண்டையும் நான் சொல்லுதேன். மணிய மட்டும் தவறவிட்டுராத."

எனக்கு எட்டு வயது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்தத் தாள்தான். நான் ஒரு மணியை உருட்டி "கிவ்" என்பேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு "கேவ், கிவன்" என்பாள். செபமாலையில் சந்தோஷத்துக்கு, துக்கத்துக்கு, மகிமைக்கு என்று தனித்தனி நாள்கள் உண்டு. வினைகளையும் அத்தை அதே கணக்கில் பங்கிட்டாள். பாடுவதும் கொடுப்பதும் சந்தோஷ நாளுக்கு. அழுவது, அடிப்பது, ரத்தம் சிந்துவது எல்லாம் செவ்வாய், வெள்ளி ஆகிய துக்க நாள்களுக்கு. "ரைஸ், ரோஸ், ரிஸன்" உயிர்ப்பு ஞாயிறைப் போல மகிமையில் போய் உட்கார்ந்துகொண்டது. மாதா இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

எல்லாம் பாடமாயின, ஒன்றைத் தவிர. 'அடிப்பது' என்ற வினை துக்க நாளின் இரண்டாம் பத்தில் வரும். நான் "பீட்" என்றதும் அத்தை "பீட்டட்" என்பாள். அடுத்த தடவை "போட்" என்பாள். பிறகு தன் தலையிலேயே குட்டிக்கொண்டு "பீட், பீட்டன்" என்று பத்துத் தடவை சொல்வாள். மறு செவ்வாய்க்கிழமை மறுபடியும் "பீட்டட்" வந்து நிற்கும்.

வினைகள் பாடமானால் மட்டும் போதாது, எந்தக் காலத்துக்கு எதைப் போடுவது என்பதுதான் கஷ்டம் என்பாள் அத்தை. அதற்கு உதாரணம் தேடி அவள் வெகுதூரம் போகவில்லை. அண்ணன் கொழும்புக்குப் போகிறார். போன திங்கட்கிழமை போனார். இப்போது கொழும்புக்குப் போயிருக்கிறார். காற்று மாறுவதற்கு முன்பே போய்விட்டிருந்தார். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லுவாள். "போன திங்கக்கெழமன்னு நாளச் சொல்லிட்டா 'ஹேஸ்' ஒட்டாது. நாளச் சொல்லாம 'போயிருக்காவ'ன்னா 'ஹேஸ்' வந்து உக்காந்துக்கிடும்" என்று எனக்கு விளக்கவும் செய்வாள். எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசியில் "மை பிரதர் வில் கம் பேக்" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்வாள். அது எந்தப் பயிற்சியிலும் இல்லை. கடலுக்குப் போகிறவர்களின் வீட்டில் 'போனார்' என்ற சொல்லோடு யாரும் பேச்சை நிறுத்த மாட்டோம். 'வந்துருவாவ' என்று சொன்னால்தான் வாய் மூடும்.

எங்கள் படிப்பு நடந்தது மத்தியானத்தில். சாப்பிட்டதும் அம்மா கடற்கரையில் காயும் கருவாட்டுக்குக் காக்கை விரட்டப் போய்விடுவாள். அப்பா முன்னறையில் பாயை விரித்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். நானும் அத்தையும் குசினியில் அடுப்பின் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து குறட்டை கிளம்பும். சாதாரணக் குறட்டை இல்லை, மரம் அறுக்கிற குறட்டை. அதுதான் எங்களுக்குப் பள்ளிக்கூட மணி. அத்தை இடுப்பிலிருந்து செபமாலையை எடுப்பாள்.

சில நாள் அந்தக் குறட்டை நடுவில் சட்டென்று நின்றுவிடும். பெரும்பாலும் அத்தை "பீட்டட்" என்று தடுக்கி விழுகிற நேரத்தில்தான் அது நிற்கும். நாங்கள் சிலையாகிவிடுவோம். அத்தை பயத்தில் தாளைப் பார்த்து, "பீட்டன்" என்று முணுமுணுத்துத் திருத்திக்கொள்வாள். குறட்டை மறுபடியும் கிளம்பும். தப்பித்தோம் என்று நான் மாதாவுக்கு நன்றி சொல்வேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா என்னைப் பார்த்து, "மத்தியானம் கொழும்பு கொழும்புன்னு என்னமோ கேட்டுச்சே, என்னளா அது?" என்றார். அத்தையின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"நீங்க நல்லபடியா போயிட்டு வரணும்னு மாதாவ வேண்டிக்கிட்டோம்ப்பா" என்றேன். பொய் சொல்வதில் நான் அத்தையை விடக் கெட்டிக்காரி.

"நல்லா வேண்டுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா மீன்முள்ளை எடுக்கத் தொடங்கினார். தூக்கத்தில் ஏதோ காதில் விழுந்திருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா வந்தது. வேம்பாரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா பஸ் ஏறி வந்தாள். கோயிலில் கும்பிட்டுவிட்டு, நாள் குறிக்கிற பேச்சை முடித்துக்கொண்டு போகலாம் என்று எங்கள் வீட்டிலேயே இரவு தங்கினாள். நான் அவளை மாமி என்று கூப்பிட்டேன். கல்லுப் போன்ற உடம்பு, காதில் கனத்த பொன். அத்தை அன்று மத்தியானம் தாளைக் கையில் எடுக்கவே இல்லை. செப்டம்பரில் கல்யாணம் என்றால் அக்டோபரில் பரீட்சை ஏது?

அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் விளக்கேற்றி எல்லாரும் முழந்தாளிட்டோம். முதல் பத்து மணிகளை அப்பா சொல்வார். இரண்டாம் பத்து என்னுடையது. அதற்கு மேல் விட்டால் நான் சாமியாடித் தூங்கிவிழுவேன் என்பதால் வீட்டில் செய்திருந்த ஏற்பாடு அது. துக்க நாளின் இரண்டாம் பத்து என்றால் ஆண்டவர் சாட்டையால் அடிபட்டது. நான் "அருள் நிறைந்த மரியே" என்று நல்லபடியாகத்தான் தொடங்கினேன். ஐந்து மணி, ஆறு மணி போயிற்று. மாமி ஊரிலிருந்து கொண்டுவந்த பணியாரத்தை அளவில்லாமல் தின்றிருந்தேன், கண் சொருகியது. விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது. வெள்ளிக்கிழமை, இரண்டாம் பத்து, கையில் மணி. என் வாய் தன் பாட்டில் திறந்துகொண்டது.

"பீட்" என்றேன்.

எல்லாரும் பின்பாதியைச் சொல்ல வாயெடுத்துக் குழம்பி நிறுத்தினார்கள். அத்தை மட்டும் நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்தவள், பழக்கதோஷத்தில் "பீட்டட்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே முழந்தாளிட்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அவள் முகம் வெளுத்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. எனக்குத் தூக்கம் எங்கோ ஓடிவிட்டது. அத்தையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா மாதா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பீட், பீட்டன்" என்றார். பிறகு அதே குரலில், மூச்சு விடாமல், "அர்ச்சிஷ்ட மரியே" என்று செபத்தின் பின்பாதியைத் தொடர்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சேர்ந்துகொண்டாள். மீதி மூன்று மணிகளை நான் எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. செபமாலை முடிகிற வரைக்கும் அத்தையின் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

எழுந்ததும் மாமி சேலையை உதறிக்கொண்டு கேட்டாள்: "இது என்ன புது செபம் தண்டலாரே?"

"தங்கச்சி பரீட்சைக்குப் படிக்கா. அக்டோபர்ல எழுதுதா. கல்யாணத்த அதுக்குப் பொறவு வச்சிக்கிடுவோம்."

"எழுத விடமாட்டேன்னு மாதாவுக்கு நேந்திருக்கியன்னுல்லா சொன்னாவ?"

"அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு. நான் பேசிக்கிடுதேன்" என்றார் அப்பா.

மாமி மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். முகம் சரியாக இல்லை. ஆனாலும் சம்பந்தத்தை விடவில்லை. ஜனவரியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே அத்தை ஆங்கிலத்தில் முப்பத்தெட்டு வாங்கித் தேறியிருந்தாள். பயிற்சி முடித்து, வேம்பார்ப் பள்ளிக்கூடத்திலேயே டீச்சராகி, எத்தனையோ பிள்ளைகளுக்கு அதே வினைகளைச் சொல்லிக் கொடுத்தாள். செபமாலை இல்லாமல்தான் சொல்லிக் கொடுத்தாள் என்று நம்புகிறேன்.

மாமி கிளம்பிய அன்று அப்பா ஒரு கட்டு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தார். வந்து சாவியை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்துத் துடைத்து அத்தையின் கையில் கொடுத்தார். அத்தை "அண்ணே" என்றாள். அவர் கயிறு முறுக்கப் போய்விட்டார். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும், கொழும்புத் துறைமுகத்தில் படித்திருக்கிறார் என்று நான் வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவில்லை. அன்று மத்தியானம் அப்பா வழக்கம்போல முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார். அத்தை புத்தகத்தை மடியில் விரித்து வாய்விட்டுப் படித்தாள். குறட்டை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து, மீன் அரிந்துகொண்டிருந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஒங்கப்பாவுக்கு ஏதுளா கொறட்ட?" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்தாமல். "கடல்ல படுத்துப் பழகுன ஒடம்பு. தோணிப் பாய் லேசா சடசடத்தாலே முழிச்சிருவாவ. நானும் பத்து வருசமா பாக்கேன், ஒரு நாள் கேட்டதில்ல."

இரண்டு மாதமாகத் தினமும் என் காதால் கேட்ட குறட்டையை இல்லை என்கிறாள். இந்த வயதிலேயே அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அன்று முதல் கொஞ்ச நாளைக்கு நான் அம்மாவிடம் சற்று உரக்கவே பேசினேன்.