யோசேப்புக்கு நான் நீட்டிய கள்

இரண்டாம் வகுப்போடு நின்ற நான் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு இரண்டும் ஒரு மாடிவீடும் கட்டியவன். நாற்றம் தெரியாமலிருக்க, தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்குக் கள் ஊற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். குடியை விட்டேன் என்று சபையில் ஜெபித்துச் சொல்லியிருந்த யோசேப்புக்கும் நானே குவளையை நீட்டினேன். என் தப்புதான். அவனும் வாங்கிக்கொண்டான்.

சோறு கொண்டுவந்த அவன் மனைவி மார்த்தா பார்த்துவிட்டாள். சண்டை போடவில்லை.

"வேலை முடியிற வரைக்கும் ஜெபம் பண்ணிக்கினு இங்கியே நிக்கிறேன்" என்றாள்.

"இந்த நாத்தத்தத் தாங்குவியா?" என்றேன்.

"குடிச்சவன் பக்கத்துல பத்து வருஷம் படுத்தவ நான், மொதலாளி."

யோசேப்பு தலைகுனிந்து சிரித்தான். கள்ளை மண்ணில் ஊற்றிவிட்டுக் குழியில் இறங்கினான். மறுநாள் சபைப் பெண்கள் நாலு பேர் அவளோடு வந்து நின்றார்கள். அன்றே கள் கொடுப்பதை நிறுத்தினேன்.

அதன்பின் அவன் குடிக்கவில்லை. ஜெபம்தான் காப்பாற்றியது என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் சபையில் எழுந்து சாட்சி சொல்லும்போது, கள்ளை நிறுத்தியவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.