பனிக்கு வரும் இருமல்

வேங்கிக்காலில் இன்று காலை, மார்கழிப் பனியில் தெருவோரம் படுத்திருந்த பசு ஒன்று இருமியது, மனிதர் இருமுவது போலவே.

நான் சிறுமியாக இருந்தபோது, அடி அண்ணாமலையில் எங்கள் சிவப்பிப் பசுவுக்கும் அதே இருமல். குளிர் வந்தால் அதை வீட்டுக்குள் எங்கள் பாய்க்கருகே கட்டிக் கதவைச் சாத்துவோம். சித்திரை வெயிலில் இருமல் அடங்கிவிடும். பனியோடு வந்து பனியோடு போவதுதானே என்று விட்டுவிட்டோம். மூன்றாம் மார்கழியில் தங்கை செல்வியும் இருமினாள், கழுத்தில் நெல்லிக்காயளவு கட்டியோடு.

"மாடு என்னைய நக்கல் பண்ணுதுக்கா" என்று சிரிப்பாள். வாசலில் நின்று கேட்டால் எந்த இருமல் யாருடையது என்று தெரியாது.

சினை ஊசி போட வந்த மாட்டு டாக்டர் அந்த இருமலைக் கேட்டு நின்றார்.

"இந்தப் பாலை யாரும்மா குடிக்கிறது?"

"இவதாங்க சார். கறந்த சூட்டோட, பச்சையா. காய்ச்சினா சத்து போயிடும்னு" என்று அம்மா செல்வியைக் காட்டினாள்.

அவர் செல்வியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "மாட்டுக்கு டிபி மாதிரி இருக்கு. பச்சைப் பால்ல மனுசங்களுக்கும் வரும். பொண்ண இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வேற யாருக்காவது குடுத்தியா?"

அம்மாவின் குரல் இறங்கியது. "பௌர்ணமி விடியக்காலையில மலை சுத்தி வர்ற கொழந்தைங்களுக்கு... ஆளுக்கு ஒரு டம்ளர்."

மாதக்கணக்கில் மாத்திரை தின்று செல்வி பிழைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் உயிரோடு இருந்தால் இப்போது நாற்பது வயதாவது ஆகியிருக்கும். பௌர்ணமி விடிந்ததும் வாசலில் நிற்கும் அம்மா, இன்னமும் சின்னக் கழுத்துகளையே தேடுகிறாள்.