தங்க நிறச் சோப்புப் பெட்டி

இன்று பாபநாசத்தில் பெரியம்மா சாவு.

குளிப்பாட்டச் சோப்பு கேட்டதும், அவர் மகள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவிலிருந்து தங்க நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். போன தீபாவளிக்கு நான் கொடுத்தது. விலை மலிவு, தோற்றம் மட்டும் துபாய்.

"நல்ல நாளைக்கு எடுக்கலாம்னு பிரிக்கவே விடலடி அம்மா" என்றாள்.

பிரித்தோம். நானும் தேய்த்துவிட்டேன்.

பிறகு பம்புசெட்டில் எத்தனை முறை கழுவியும் கையில் அந்த மல்லிகை வாசம் போகவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மெல்லக் கேட்டார்: "என்ன சோப்புங்க? வாசம் தூக்குது. எங்க மாமியாருக்கு வாங்கிக் கொடுக்கணும்."

கையை மடிக்குள் இழுத்துக்கொண்டேன்.

இதே பெட்டியைத் தீபாவளிப் பரிசாக என்னிடம் வாங்கிக்கொண்டவர்கள், இந்தப் பதிவைப் படிப்பவர்களிலும் சிலர் இருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றைக்கே பிரித்துக் குளித்துவிட்டு, கீழே கமெண்ட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.