பஸ்ஸை நிறுத்தும் பாய்

நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. சவுக்குத்தோப்பு நிறுத்தத்துக்கு வரும் காலை எட்டேகால் வண்டி இந்தச் சலுகையை ஒருபடி மேலே கொண்டுபோயிருந்தது. பெண்கள் மட்டும் நின்றால் பயணமே கிடையாது. ஓட்டுநர் அவர்களைக் கண்டதும் கண்ணியமாகப் பார்வையைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஆண் ஒருவர் கை காட்டினால் வண்டி நிற்கும். இதைக் கண்டுபிடித்தவள் ஜாக்குலின். திருவிடந்தையில் ஒரு விடுதியில் அறை துடைக்கிறாள். அவள் கண்டுபிடிப்பின் பலனாக, நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் மைதீன் பாய்க்குத் தினமும் ஒரு பதவி. வண்டி வளைவில் தெரிந்ததும் கையில் பையோடு சாலையோரம் போய் நிற்பார். வண்டி நிற்கும். பாய் எதையோ மறந்தவர் போல விலக, கடை மறைவிலிருந்து ஐந்து பெண்கள் பாய்ந்து ஏறுவார்கள். மூன்று வருடமாக எங்கும் போகாத நிரந்தரப் பயணி அவர்.

அந்த மாதம் பெருநாளுக்காகப் பாய் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. இரண்டு நாளும் ஜாக்குலினுக்கு லேட்.

"இந்த மாசம் இன்னொரு லேட்டுன்னா வூட்லயே இருந்துக்கம்மா" என்றாள் விடுதி மேற்பார்வையாளர் வசந்தா. மாதம் முடிய இன்னும் இரண்டே நாள்.

பாய் மறுபடி கடை திறந்த அன்று வண்டி பத்து நிமிடம் தாமதமாக, பிதுங்கி வழிந்துகொண்டு வந்தது. பாய் கை காட்டினார். நின்றது. பெண்கள் பாய்ந்த வேகத்தில் பாய்க்கு விலக வழியில்லை. ஐவரில் ஒருத்தியான சின்னப்பொண்ணு சாப்பாட்டுக் கூடையால் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். பாய் முதலில் படியில், பிறகு வண்டிக்கு உள்ளே. கதவு மூடிக்கொண்டது.

"யோவ், நிறுத்துய்யா! அடுப்புல பாலு கீது!"

"எறங்குறவரு எதுக்கு பாய் ஏறுன?" என்றார் நடத்துநர். "தெனம் கை காட்டி டபாய்ச்சிக்கினு இருந்தியே, இன்னிக்கு மாட்னியா? டிக்கெட் எடு. இனிமே திருவிடந்தைலதான் நிக்கும்."

பாய் ஜாக்குலினைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேம்மா."

ஜாக்குலின் யாரோ ஒருவரின் அக்குளுக்கும் யாரோ ஒருவரின் மூட்டைக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்றிருந்தாள். ஐந்து பேரும் சேர்ந்து கத்தினால் வண்டி நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நின்றால் சண்டை வரும், சண்டை பத்து நிமிடம் தின்னும் என்றும் தெரியும். எனவே சவுக்கு மரங்களை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் விடுதியில் கைரேகை வைத்தாள்.

மறுநாள் காலை கடை வாசலில் ஒரு பால்குண்டான் அடியெல்லாம் கரிந்து கவிழ்ந்து கிடந்தது. பாய் கல்லாவை விட்டு எழவில்லை.

"பாய், வண்டி வருது! இன்னிக்கி ஒரு நாளு நில்லுங்க. இல்லாங்காட்டி வேல பூடும் பாய்" என்றாள் ஜாக்குலின்.

"நான் நின்னா வண்டி நிக்குது. ஏறிக்கினா எறக்கிவுட ஒரு ஆளு இல்லியே."

வண்டி வந்தது. ஐந்து கைகள் நீண்டன. ஓட்டுநர் கடலைப் பார்த்தார். புழுதி அடங்கியதும் ஜாக்குலின் பாயிடம் திரும்பினாள்.

"அடுத்த வண்டி எத்தினி மணிக்கு பாய்?"

"அது அந்த வண்டிக்கே தெரியாது. உக்காரும்மா" என்று பாய் அவளுக்கு ஒரு டீயை ஆற்றத் தொடங்கினார்.