நெற்றியில் கட்டிய வெள்ளைத் துணி

என் அம்மா வியட்நாம்காரி. அப்பா சைகோனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போன இடத்தில் கட்டிக்கொண்டவள். சண்டை முடிந்து நாங்கள் மதுரைக்கு வந்து நாலு வருஷம் கழித்து, அங்கிருந்து திரும்பிய ஒருவர் வந்து, அம்மாவைப் பெற்றவள் இறந்துபோன செய்தியைச் சொன்னார். அம்மா பழைய வேட்டியில் ஒரு பட்டை கிழித்து நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். அவர்கள் ஊரில் பிள்ளைகள் துக்கம் காப்பது அப்படித்தானாம். தலைவலியாக்கும் என்று நான் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் உசிலம்பட்டியில் அத்தை மகளுக்குச் சடங்கு. அப்பா தாய்மாமன் என்பதால் சீர்த்தட்டை அம்மாதான் முன்னால் ஏந்திப் போக வேண்டும். அன்று சாயங்காலமே அழைக்க வந்த அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மதினி இது கோலம்? எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில வெள்ளத் துணியக் கட்டிக்கிட்டு! அவுத்துப் போடுங்க."

"எங்கம்மா செத்துப்போச்சு," என்றாள் அம்மா. தமிழ் அவளுக்கு அதற்குமேல் ஓடவில்லை.

"அதுக்கு? கடல் தாண்டியெல்லாம் தீட்டு வராது. நீங்க தாராளமாத் தட்டத் தூக்கலாம்."

ஒன்றுவிட்ட பங்காளி செத்தாலும் பதினாறு முடியும்வரை கோயில் பக்கம் எட்டிப்பார்க்காத குடும்பம் எங்களுடையது. அம்மாவின் தாய்க்கு மட்டும் ஒரு பொழுதுகூடக் கிடைக்கவில்லை. அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் பசுமலையில் ஒன்பதாவது படித்தான். பையன்கள் 'சீனாக்காரன்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் மனசு கசந்து போயிருந்தது. அம்மா அவன் கையைப் பிடித்துத் தன் மொழியில் ஏதோ கெஞ்சினாள். நான் கைக்குழந்தையாக வந்தவள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவன் அந்த அம்மாச்சி தூக்கி வளர்த்த பிள்ளை. ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும்.

"தமிழ்ல பேசும்மா! ஊரே சிரிக்குது," என்று கத்தியபடி அவனே அந்தத் துணியை உருவி எறிந்தான்.

அம்மா அழவில்லை. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். மறுநாள் பட்டுச்சேலையில், கொட்டுமேளத்தோடு, தட்டை ஏந்திக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள். எல்லாரும் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு அவள் தன் மொழியில் வாய் திறக்கவே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தது கடைப்பேச்சு மட்டும். மனம்விட்டுப் பேச அவளுக்கு இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். தாயைப் பறிகொடுத்த கையோடு அவனையும் பறிகொடுத்தாள் என்பது இன்றுதான் எனக்குப் புரிகிறது. அன்றைக்கோ ஒரே சந்தோஷம். ஒருவழியாக எங்கம்மாவும் மற்ற அம்மாக்கள் மாதிரி ஆகிவிட்டாள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.